மேரி மெக்லியாட் பெத்யூனின் தடத்தில் ஒரு நடைப் பயணம்: வாஷிங்டன் வழிகாட்டிச் சேவை பற்றிய மதிப்பீடு

வாஷிங்டன் நகரில் வரலாற்றுச் சுற்றுலாக்களுக்குப் பஞ்சமில்லை. அதிபர்களின் நினைவுச் சின்னங்களை இரவு விளக்கொளியில் காட்டுபவர்களும், போர் நினைவிடங்களுக்கு மட்டும் அழைத்துச் செல்பவர்களும் ஆண்டு முழுவதும் கூட்டத்தோடு நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, கல்லூரி நிறுவனரும் அரசு அதிகாரியும் கறுப்பின மக்களின் குடிமை உரிமைத் தலைவருமான மேரி மெக்லியாட் பெத்யூனை மட்டுமே பொருளாகக் கொண்டு, சிறு குழுக்களை அரைநாள் நடத்திச் செல்லும் ஒரு தனியார் வழிகாட்டிச் சேவையில் அண்மையில் சேர்ந்து சென்று வந்தேன். அந்தச் சேவையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. எந்த வழிகாட்டியோடு சென்றாலும், வழிகாட்டி இல்லாமல் தாமாகவே சென்றாலும், இதே தடத்தில் நடக்க விரும்பும் தமிழ் வாசகர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதே இந்த மதிப்பீட்டின் நோக்கம்.

கட்டணம் இந்நகரின் வழக்கமான நடைப் பயணங்களைவிடச் சற்று அதிகம். பயணத்தில் வரும் இடங்களுக்கோ நுழைவுக் கட்டணமே கிடையாது. லிங்கன் பூங்கா பொது இடம். நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலை இலவசமாகச் சுற்றிப் பார்க்கலாம். வெர்மான்ட் அவென்யூவில் பெத்யூன் வாழ்ந்த வீடு தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் இருக்கிறது, அங்கும் பணம் வாங்குவதில்லை. ஆகவே நாம் கொடுக்கும் பணம் முழுவதும் வழிகாட்டி சொல்லும் வரலாற்றுக்கே போகிறது. அந்த வரலாறு எவ்வளவு சரியாக, எவ்வளவு முழுமையாகச் சொல்லப்படுகிறது என்பதைக் கொண்டே சேவையை எடைபோட வேண்டும். அந்த அளவுகோலில் இப்பயணத்தின் தொடக்கமும் இறுதிப் பகுதியும் மிகச் சிறப்பானவை. நடுவில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது, அதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியுள்ளது.

பயணம் கேப்பிட்டலுக்குக் கிழக்கே ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில், கிழக்குக் கேப்பிட்டல் தெருவில் உள்ள லிங்கன் பூங்காவில் தொடங்குகிறது. அங்கே இரண்டு சிலைகள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. ஒன்று 1876இல் நிறுவப்பட்ட விடுதலை நினைவுச் சின்னம். அதில் லிங்கன் நிமிர்ந்து நிற்க, விலங்கு அறுபட்ட ஒரு கறுப்பின மனிதர் அவர் காலடியில் மண்டியிட்டிருக்கிறார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்கள் தங்கள் கையிலிருந்து தந்த பணத்தில் எழுப்பப்பட்ட சிலை அது. ஆனால் அதன் வடிவமைப்பில் அவர்களுக்குப் பங்கு தரப்படவில்லை. திறப்பு விழாவில், அடிமைத்தளையிலிருந்து தப்பி அடிமைமுறை எதிர்ப்புத் தலைவரான ஃபிரெடெரிக் டக்ளஸ் உரையாற்றினார். மற்றொன்று ராபர்ட் பெர்க்ஸ் வடித்த பெத்யூனின் வெண்கலச் சிலை. பெத்யூன் பிறந்த நாளான ஜூலை 10ஆம் தேதியன்று, 1974இல் அது திறந்து வைக்கப்பட்டது. வாஷிங்டனின் பொது நிலத்தில் ஒரு கறுப்பின அமெரிக்கருக்கு எழுப்பப்பட்ட முதல் நினைவுச் சின்னம் அதுதான்.

இந்த இடத்தில் வழிகாட்டி காட்டிய திறமையை மனமாரப் பாராட்ட வேண்டும். அவர் பெத்யூனின் சிலையிலிருந்து தொடங்காமல் எங்களை முதலில் லிங்கன் சிலைக்கு அழைத்துச் சென்று, அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கவனிக்கச் சொன்னார். நூறாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக மேற்கே கேப்பிட்டலைப் பார்த்து நின்ற லிங்கன், 1974இல் பெத்யூனின் சிலை வந்தபோது கிழக்கு நோக்கித் திருப்பி வைக்கப்பட்டார் என்பதையும், அதனால்தான் இன்று கேப்பிட்டலின் பக்கமிருந்து நடந்து வருபவர் லிங்கனின் முதுகையே முதலில் காண்கிறார் என்பதையும் அவர் விளக்கியபின், மண்டியிட்ட மனிதரின் உருவத்துக்கும் எதிரே நிமிர்ந்து நிற்கும் பெண்ணின் உருவத்துக்கும் இடையே உள்ள தொலைவை எங்களையே நடந்து கடக்க வைத்தார். அந்தச் சில நிமிட நடையில் அவர் எதுவும் பேசவில்லை. சொல்லாமல் விட வேண்டிய இடம் எது என்று தெரிந்த வழிகாட்டிகள் குறைவு.

பெத்யூன் தன் கையிலுள்ள சுருளை இரு குழந்தைகளிடம் நீட்டுகிறார். மறு கையில் ஊன்றியிருக்கும் கைத்தடி அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுடையது, அவர் இறந்தபின் அவருடைய மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அதை பெத்யூனுக்குத் தந்தார். அந்தச் சிலைக்கு நாடாளுமன்றம் அனுமதி வழங்கியது 1960இல். பணத்தைத் திரட்ட வேண்டிய பொறுப்பு பெத்யூன் நிறுவிய நீக்ரோ பெண்கள் தேசிய மன்றத்தின் மேல் விழுந்தது. டாரத்தி ஹைட் தலைமையில் அந்தப் பெண்கள் பதினான்கு ஆண்டுகள் உழைத்தார்கள். இதையும் வழிகாட்டி உரிய அழுத்தத்தோடு சொன்னார்.

அதன்பின் பூங்காவின் பெஞ்சுகளில் எங்களை அமர்த்தி அவர் சொல்லத் தொடங்கிய வாழ்க்கைக் கதையில்தான் என் குறை தொடங்குகிறது. கதை நன்கு அறியப்பட்டது. 1875இல் தென் கரோலைனாவின் மேயஸ்வில் அருகே, அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு, பதினேழு குழந்தைகளில் பதினைந்தாவதாகப் பெத்யூன் பிறந்தார். கிராமத்து மிஷன் பள்ளியிலும், வட கரோலைனாவின் ஸ்கோஷியா பெண்கள் பள்ளியிலும், பின்னர் சிகாகோவில் மூடி நிறுவனத்திலும் படித்தார். ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாகச் செல்ல விண்ணப்பித்தபோது, கறுப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை என்று திருச்சபைக் குழு மறுத்துவிட்டது. சில ஆண்டுகள் ஆசிரியையாகப் பணிபுரிந்தபின், 1904இல் ஃபுளோரிடாவின் டேடோனாவில், கையில் 1.50 டாலரோடும் ஐந்து சிறுமிகளோடும் ஒரு வாடகை வீட்டில் பள்ளி தொடங்கினார். கரித்துண்டுகள் பென்சிலாயின, எல்டர்பெரிப் பழச்சாறு மையாயிற்று, மரப்பெட்டிகள் மேசையாயின. சர்க்கரைவள்ளிக்கிழங்கில் 'பை' என்னும் இனிப்புப் பண்டம் சுட்டு விற்று நிதி சேர்த்தார்.

இவை அனைத்தும் உண்மை, அனைத்தும் சொல்லப்பட வேண்டியவை. ஆனால் பூங்காவில் செலவிட்ட நேரத்தில் பெரும்பகுதியை இந்தத் தொடக்கக் காட்சிகளே எடுத்துக்கொண்டன. ஐந்து சிறுமிகளின் பள்ளி எப்படிப் பட்டம் வழங்கும் கல்லூரியானது என்ற கேள்விக்கு, விடாமுயற்சியாலும் இறைநம்பிக்கையாலும் என்பதற்கு மேல் விடை கிடைக்கவில்லை. விடாமுயற்சி இருந்தும் மூடப்பட்ட கறுப்பினப் பள்ளிகள் தென் மாநிலங்களில் ஏராளம். பெத்யூனின் பள்ளி நிலைத்ததற்கு அவருடைய நிர்வாகத் திறமைதான் காரணம், அதைச் சொல்வதற்கு வேண்டிய செய்திகளும் நிறையவே இருக்கின்றன.

குப்பை மேடாகக் கிடந்த நிலத்தை 250 டாலருக்குப் பேசி, 5 டாலரை மட்டும் முன்பணமாகக் கொடுத்து அவர் வாங்கியதைச் சொல்லலாம். டேடோனாவுக்குக் குளிர்காலத்தில் ஓய்வெடுக்க வரும் வடமாநிலச் செல்வந்தர்கள் யார் யார் என்று கவனித்து, புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கேம்பிளிடம் ஒருமுறை நன்கொடை வாங்கிக்கொண்டு போவதற்குப் பதிலாக அவரைப் பள்ளியின் அறங்காவலர் குழுவுக்கே தலைவராக்கியதைச் சொல்லலாம். நன்கொடை கேட்பதற்கும் பொறுப்பில் பங்கு கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தவர் அவர். 1911இல் கறுப்பின மக்களுக்கென ஒரு மருத்துவமனையைத் திறந்து, செவிலியர் பயிற்சியையும் அதோடு இணைத்தார். 1923இல் ஜாக்சன்வில்லில் மெதடிஸ்ட் திருச்சபையினர் 1872 முதல் நடத்திவந்த குக்மன் கல்வி நிறுவனத்தோடு தன் பள்ளியை இணைக்கச் சம்மதித்தது அவர் எடுத்த முடிவுகளில் மிகக் கடினமானதாக இருந்திருக்க வேண்டும். தனி ஒருவராக வளர்த்த பெண்கள் பள்ளி அன்று முதல் திருச்சபையின் ஆதரவு பெற்ற இருபாலர் நிறுவனமாயிற்று. அதனால் நிலையான நிதியாதாரம் கிடைத்தது, தனக்குப் பின்னும் நிறுவனம் வாழ வழி பிறந்தது. 1931இல் பெத்யூன்-குக்மன் கல்லூரி என்ற பெயர் வந்தது, 1941இல் நான்காண்டுக் கல்லூரியாயிற்று, 2007 முதல் அது பல்கலைக்கழகம். இந்த வரிசையை வழிகாட்டி இரண்டே வாக்கியங்களில் கடந்து சென்றார். கிழங்குப் பை பற்றிப் பேசியதில் பாதி நேரத்தை இணைப்புக்குக் கொடுத்திருந்தால், குழுவில் இருந்த கல்லூரி மாணவர்களுக்கு உயர்கல்வி நிறுவனம் ஒன்று எப்படிக் கட்டப்படுகிறது என்பது விளங்கியிருக்கும்.

ஏழ்மையில் தொடங்கி அன்பால் வென்ற தாய் என்ற உருவம் கேட்பவருக்கு இதமாக இருக்கிறது. அந்த உருவத்தில் அடங்காத பெண் ஒருவர் இருந்தார் என்பதே என் வருத்தம். வரவு செலவுக் கணக்கைத் துல்லியமாகப் படித்தவர், குழுக்களை நடத்தியவர், அதிகாரிகளின் கோப்புகள் எந்த மேசையில் தேங்குகின்றன என்று அறிந்தவர், பதவியைப் பயன்படுத்துவதில் தயக்கம் காட்டாதவர் அவர். தன்னைவிடப் பெரிய அதிகாரத்தில் இருந்த வெள்ளையர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து எண்களை வைத்து வாதாடிய அந்த நிர்வாகியை நாம் தெரிந்துகொள்ளாமல் போனால், அவருடைய சாதனையில் பாதியைக் கைவிட்டவர்களாவோம்.

பூங்காவிலிருந்து குழு கேப்பிட்டலுக்கு நடக்கிறது. உள்ளே வெளி வழிகாட்டிகள் விளக்கம் சொல்ல முடியாது, கேப்பிட்டலின் சொந்த வழிகாட்டிகளோடுதான் சுற்றி வர வேண்டும். அதற்கான முன்பதிவைச் சேவையே செய்து தருகிறது என்பது பெரிய வசதி. பழைய பிரதிநிதிகள் அவையாக இருந்த தேசியச் சிலைக் கூடத்தில், 2022 ஜூலையில் நிறுவப்பட்ட பெத்யூனின் வெண் பளிங்குச் சிலை நிற்கிறது. நில்டா கோமஸ் என்ற சிற்பி இத்தாலியப் பளிங்கில் வடித்தது. ஒரு மாநிலம் தன் சார்பாக அனுப்பிய சிலைகளில் கறுப்பின அமெரிக்கர் ஒருவருடையது இந்தக் கூடத்தில் இதுவே முதலாவது. 1922 முதல் ஃபுளோரிடாவின் சார்பாக இருந்தது உள்நாட்டுப் போரில் அடிமைமுறை மாநிலங்களின் பக்கம் நின்ற தளபதி எட்மண்ட் கர்பி ஸ்மித்தின் சிலை. 2018இல் ஃபுளோரிடா சட்டமன்றம் அதற்குப் பதிலாகப் பெத்யூனைத் தேர்ந்தெடுத்தது. இந்தச் சிலையில் அவர் பட்டமளிப்பு உடையும் தொப்பியும் அணிந்து, கையில் ஒரு கறுப்பு ரோஜாவை ஏந்தியிருக்கிறார், காலருகே புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பியப் பயணத்தின்போது ஒரு தோட்டத்தில் கருஞ்சிவப்பு ரோஜாவைக் கண்டு மனம் பறிகொடுத்த அவர், பிற்காலத்தில் தன் மாணவர்களைக் கறுப்பு ரோஜாக்கள் என்று அழைத்தார். கேப்பிட்டல் வழிகாட்டிகளுக்குச் சொல்ல நூறு சிலைகள் இருப்பதால் இந்த ஒரு சிலைக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. நம் வழிகாட்டி இதையெல்லாம் வாசலிலேயே முன்கூட்டிச் சொல்லி அனுப்பியதால் உள்ளே எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து மெட்ரோ ரயிலில் மக்ஃபர்சன் சதுக்கம் சென்று, அங்கிருந்து வெர்மான்ட் அவென்யூ வழியே லோகன் வட்டத்தை நோக்கி நடந்தால் 1318ஆம் எண் வீடு வருகிறது. வரிசை வீடுகளுக்கு நடுவே நிற்கும் மூன்று மாடி விக்டோரியக் கால வீடு. நீக்ரோ பெண்கள் தேசிய மன்றம் 1943 இறுதியில் இதை 15,500 டாலருக்கு வாங்கித் தன் தலைமையகமாக்கியது. சிகாகோவின் செல்வந்தர் மார்ஷல் ஃபீல்ட் அளித்த 10,000 டாலர் நன்கொடை அதற்கு உதவியது. 1949 வரை பெத்யூன் இங்கேயே மேல்மாடியில் வாழ்ந்தார். நகரின் விடுதிகள் கறுப்பினத்தவருக்கு அறை தர மறுத்த காலத்தில், வெளியூர்களிலிருந்து வேலையாக வந்த பெண்கள் தங்கவும் இந்த வீடு பயன்பட்டது. 1966இல் நேர்ந்த தீ விபத்துக்குப்பின் மன்றம் வெளியேற, வீடு பழுதுபார்க்கப்பட்டு அருங்காட்சியகமாயிற்று, 1982இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

பயணத்தின் மிகச் சிறந்த பகுதி இங்கேதான் கிடைக்கிறது. பெத்யூன் நாடு முழுவதும் இயங்கிய கறுப்பினப் பெண்கள் அமைப்புகளை 1935 டிசம்பரில் ஒரே குடையின் கீழ் ஏன் கொண்டுவந்தார் என்பதை வழிகாட்டி மிக நன்றாக விளக்கினார். தேவாலயச் சங்கங்கள், கல்லூரிப் பட்டதாரிகளின் சங்கங்கள், தொழில்முறைச் சங்கங்கள் எனத் தனித்தனியே எழுதிய கடிதங்களை அரசு அலுவலகங்கள் ஒதுக்கித் தள்ளின, லட்சக்கணக்கான பெண்களின் பெயரால் வரும் ஒரே கடிதத்தை அப்படி ஒதுக்க முடியாது என்பதே அவருடைய கணக்கு. 1945இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சபையின் சாசனம் உருவான மாநாட்டுக்கு கறுப்பின உரிமைத் தலைவர்களான டு பாய்ஸ், வால்டர் ஒயிட் ஆகியோரோடு அவர் ஆலோசகராகச் சென்றதையும், 1942இல் அமெரிக்க ராணுவத்தின் பெண்கள் துணைப்படைக்கான முதல் அதிகாரிப் பயிற்சியில் கறுப்பினப் பெண்களுக்கு 40 இடங்களை உறுதிசெய்து, தகுதியானவர்களைத் தேர்ந்தெடுக்கவும் துணை நின்றதையும் கூட்ட அறையின் வாசலில் நின்றபடி கேட்டபோது, உள்ளே இருந்த கூட்ட மேசையின் பொருள் விளங்கியது.

ஆயினும் இதே வீட்டில் ஒரு பிழையும் நேர்ந்தது. ரூஸ்வெல்ட் ஆட்சியில் பல துறைகளில் பணியாற்றிய கறுப்பின அதிகாரிகள் பெத்யூன் தலைமையில் கூடிக் கலந்து பேசிய, 'கறுப்பு அமைச்சரவை' என்று பத்திரிகைகள் அழைத்த குழுவின் கூட்டங்கள் இந்த அறையிலேயே நடந்தன என்ற எண்ணம் ஏற்படும்படி வழிகாட்டி பேசினார். அந்தக் குழு உருவானது 1936இல், நகரின் வேறொரு பகுதியில் பெத்யூன் அப்போது வசித்த வீட்டில். இந்த வீடு வாங்கப்படுவதற்குள் அவருடைய அரசுப் பணியே முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. கட்டணம் வாங்கும் சேவையில் ஆண்டுகளைச் சரிபார்த்துக்கொள்ளும் அக்கறையை எதிர்பார்ப்பது நியாயம். இதைக் கேட்டபோது வழிகாட்டி கோபப்படாமல் குறித்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் முதலில் குறிப்பிட்ட இடைவெளி இங்கேதான் முழுமையாகப் புலப்படுகிறது. பூங்காவில் ஒரு பெத்யூன், அவர் பள்ளி நடத்துகிறார். வெர்மான்ட் அவென்யூவில் இன்னொரு பெத்யூன், அவர் அரசியல் பேசுகிறார். இரண்டையும் இணைக்கும் தேசிய இளைஞர் நிர்வாகம் பற்றி, அவர் அதில் உயர்பதவி வகித்தார் என்ற ஒரு வரியோடு பயணம் நிறுத்திக்கொள்கிறது. பொருளாதார மந்தத்தால் படிப்பைக் கைவிடும் நிலையில் இருந்த இளைஞர்களுக்கு வேலையும் உதவித்தொகையும் தர 1935இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. உதவி பெறும் மாணவர் அதற்கு ஈடாக நூலகத்திலோ ஆய்வகத்திலோ வேலை செய்ய வேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு மாதம் 6 டாலர் வரையும், கல்லூரி மாணவருக்குச் சராசரியாக 15 டாலரும் கிடைத்தன. அன்றைய தென் மாநிலக் குடும்பம் ஒன்றின் வருமானத்தை நினைத்துப் பார்த்தால், ஒரு பிள்ளை கல்லூரியில் தொடர்வதா பருத்திக் காட்டுக்குத் திரும்புவதா என்பதைத் தீர்மானிக்கும் தொகை அது.

பெத்யூன் முதலில் இதன் ஆலோசனைக் குழுவில் இருந்தார். 1936இல் கறுப்பின இளைஞர்களுக்கான பணிகளைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது, பின்னர் அது நீக்ரோ விவகாரப் பிரிவின் இயக்குநர் பதவியாயிற்று. அக்காலத்தில் மத்திய அரசில் அவ்வளவு உயர்ந்த பதவியில் வேறு கறுப்பினப் பெண் இல்லை. அந்தப் பதவிக்குச் சட்டப்படி இருந்த அதிகாரம் சிறியது. பணத்தை மாநில இயக்குநர்கள் பங்கிட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். ஆகவே மாநில அலுவலகங்களுக்குள்ளேயே கறுப்பின உதவி நிர்வாகிகளை நியமிக்க வேண்டும் என்று அவர் விடாது வற்புறுத்தி, இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதைச் சாதித்தார். தென் மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களை முதுநிலைப் படிப்பில் சேர்க்காததால், அவர்கள் வெளிமாநிலங்களில் படிக்கத் தனி நிதி ஒன்றையும் பெற்றார். 1937 ஜனவரியில் தொழிலாளர் துறையின் அரங்கிலேயே தேசிய மாநாடு ஒன்றைக் கூட்டி, கல்வி, வேலை, வாக்குரிமை, கும்பல் கொலைத் தடைச் சட்டம் ஆகியவை குறித்த பரிந்துரைகளை அதிபருக்கு அனுப்பிவைத்தார்.

இதே ஆண்டுகளில் அவர் டேடோனாவில் கல்லூரித் தலைவராகவும் இருந்தார் என்பதைப் பயணத்தில் யாரும் சொல்லவில்லை. 1942 இறுதி வரை அவர் அந்தப் பொறுப்பை விடவில்லை, 1946இல் மீண்டும் ஓராண்டு அதை ஏற்றார். வாஷிங்டனில் உதவித்தொகைக்காக வாதாடியவருக்கு, அந்த உதவித்தொகை வராவிட்டால் வகுப்பறையில் எத்தனை இருக்கைகள் காலியாகும் என்பது தன் சொந்தக் கல்லூரியிலிருந்தே தெரிந்திருந்தது. கல்விப் பணியும் அரசுப் பணியும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு முனைகள். இதைச் சொல்ல வேறு இடம் தேட வேண்டாம், மெட்ரோ ரயிலில் செல்லும் நேரமே போதும்.

இன்னொரு நல்ல வாய்ப்பும் தவறவிடப்படுகிறது. பெத்யூன் வாஷிங்டனில் பணியாற்றத் தொடங்கியபோது டெக்சஸ் மாநிலத்தில் தேசிய இளைஞர் நிர்வாகத்தின் இயக்குநராக இருந்த இளைஞர், பின்னாளில் அமெரிக்க அதிபரான லிண்டன் ஜான்சன். பெத்யூனின் 'கறுப்பு அமைச்சரவை'யில் இருந்த பொருளியலாளர் ராபர்ட் வீவரை 1966இல் வீட்டுவசதித் துறையின் தலைவராக நியமித்து, அமெரிக்காவின் முதல் கறுப்பின அமைச்சராக்கியவரும் அதே ஜான்சன்தான். முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரு சிறு அலுவலகத்திலிருந்து அமைச்சரவை வரை நீளும் இந்த இழையைச் சொன்னால், எந்தப் பயணியும் ஆர்வத்தோடு கேட்பார்.

விவாதத்துக்குரியவற்றைத் தொடத் தயங்குவதும் இப்பயணத்தின் குறை. பெத்யூனின் பள்ளி, பெயரிலேயே தொழிற்பயிற்சியைக் கொண்டிருந்தது. சமையலும் தையலும் கற்றுத் தரும் கல்வி கறுப்பினப் பெண்களை வெள்ளையர் வீட்டு வேலைக்கே தயார்ப்படுத்துவதாகாதா என்று அக்காலத்திலேயே கேள்வி இருந்தது. அதே பள்ளியைப் பட்டக் கல்லூரியாக உயர்த்தியதே அவர் அளித்த விடை என்று நான் கருதுகிறேன். கறுப்பின மாணவர்களுக்குத் தனி நிதி பெற்றது, அவர்களை வெளியே நிறுத்திய பல்கலைக்கழகங்களின் பாகுபாட்டை மறைமுகமாக ஏற்றுக்கொண்டதாகுமா என்பது இன்னொரு கேள்வி. கதவு திறக்கும் வரை ஒரு தலைமுறை படிக்காமல் காத்திருக்க முடியாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும், அதில் நியாயமும் இருக்கிறது, இழப்பும் இருக்கிறது. பிற்காலத்தில் அவர்மீது கம்யூனிஸ்ட் ஆதரவாளர் என்ற பழி சுமத்தப்பட்டதும், 1952இல் நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் நகரில் பள்ளியில் பேச அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டதும் சொல்லப்படவில்லை. எல்லோராலும் கொண்டாடப்பட்டவர் என்ற சித்திரத்தோடு வீடு திரும்பும் பயணி, அவர் எவ்வளவு எதிர்ப்புக்கு நடுவே வேலை செய்தார் என்பதை அறியாமலேயே போகிறார்.

கடைசி நிறுத்தம் 9ஆம் தெருவில், வரலாற்றாசிரியர் கார்ட்டர் உட்சன் வாழ்ந்த வீடு. வெளியிலிருந்து மட்டுமே பார்த்தோம். உட்சன் 1915இல் நிறுவிய கறுப்பின வரலாற்று ஆய்வுச் சங்கத்துக்கு 1936 முதல் 1951 வரை பெத்யூன் தலைவராக இருந்தார். பள்ளி ஆசிரியர்களுக்கென எளிய நடையில் ஒரு வரலாற்று இதழ் வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதன் பயனாக 1937இல் அது வெளிவந்தது. ஆவணங்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற அவருடைய அக்கறையில் உட்சனோடு இருந்த தொடர்புக்கும் பங்கு உண்டு. வழிகாட்டி இதைச் சுருக்கமாக, சரியாகச் சொன்னார். களைத்துப்போன குழுவுக்கு அவ்வளவு போதும்.

நடைமுறை விவரங்களுக்கு வருகிறேன். குழு சிறியதாக இருந்ததால் கேள்வி கேட்க இடமிருந்தது, யாரையும் அவசரப்படுத்தவில்லை. பேச்சைக் கேட்கக் காதில் மாட்டும் கருவி தருகிறார்கள். போக்குவரத்து இரைச்சல் மிகுந்த வெர்மான்ட் அவென்யூவில் அது மிகவும் உதவியது. நடை மொத்தத்தில் அதிகம், கோடையின் புழுக்கத்தில் முதியோருக்குக் கடினமாக இருக்கும், ஆகவே வசந்த காலமோ இலையுதிர் காலமோ நல்லது. பழைய வரிசை வீடுகளில் படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் முன்பே சொல்லி வைக்க வேண்டும். பெத்யூன் வீடு திறந்திருக்கும் நாள்கள் மாறக்கூடியவை என்பதால், முன்பதிவுக்கு முன் தேசியப் பூங்காச் சேவையின் அறிவிப்பைப் பார்ப்பது அவசியம். அந்த வீட்டுக்குள் செல்ல முடியாத நாளில் இந்தப் பயணத்துக்கு இவ்வளவு கட்டணம் தரலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பத்து, பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு இப்பயணம் இப்போது உள்ளபடியே பொருத்தமானது. பள்ளிக் கதையை அவர்கள் ஆசையோடு கேட்டார்கள். கல்வித் துறையிலோ அரசுப் பணியிலோ இருப்பவர்கள், அல்லது அவ்வேலைகளுக்குச் செல்ல விரும்பும் மாணவர்கள் முன்பதிவு செய்யும்போதே தேசிய இளைஞர் நிர்வாகம் பற்றியும் 1923 இணைப்பு பற்றியும் விரிவாகப் பேசுமாறு கேட்டுக்கொள்ளலாம். எங்கள் வழிகாட்டி கேள்விகளுக்கு விடை சொன்ன விதத்தைப் பார்த்தால், அவருக்கு இவை தெரியும் என்பது விளங்கியது. பொதுவான குழுவுக்கு இது சலிப்பூட்டும் என்று எண்ணித்தான் விட்டுவிடுகிறார் போலும். அந்தக் கவலை தேவையில்லை. எங்கள் குழுவில் அதிகமான கேள்விகள் எழுந்தது மாதம் 15 டாலர் என்ற தொகை பேச்சில் வந்தபோதுதான், அதையும் பயணிகளில் ஒருவரே எடுத்துப் பேச வேண்டியிருந்தது.